பாய்மரக் கலமும் பகலவன் ஒளியும்

1968 ஆம் ஆண்டு சூன் மாதம் 14 ஆம் நாள், இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள ஃபால்மத் துறைமுகத்தினின்றும் சிறு பாய்மரக் கலம் ஒன்று புறப்பட்டது. அதன் நீளம் 32 அடி. அதில் இருந்தவர் ஒரே ஒருவர். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் பெயருடைய அவருக்கு அப்பொழுது வயது 29. வணிகக் கப்பல்களிற் பணியாற்றிக் கடலின் இயல்பை நன்கு அறிந்தவர் அவர். எத்துறையிலும் தங்காமல், எவருடைய உதவியும் பெறாமல், தனியொருவராய் உலகைச் சுற்றி வந்து மீண்டும் புறப்பட்ட துறையையே அடைதல் வேண்டும் என்பது அவர் மேற்கொண்ட உறுதி. அதுவரை உலகில் எவரும் செய்து முடித்திராத செயல் அது.

அக்கலத்தின் பெயர் சுஹைலி. அது நம் நாட்டுப் பம்பாயில் தேக்கு மரத்தாற் கட்டப்பெற்றது. பாரசீக வளைகுடாவில் வீசும் தென்கிழக்குக் காற்றுக்கு அரபு மாலுமிகள் வழங்கும் பெயர் சுஹைலி என்பது. அரபு மொழியிற் சுஹைல் என்பதோ ஒரு விண்மீனின் பெயர். தென்வானில் ஒளிரும் அம்மீனைத் தமிழர் அகத்திய மீன் என்பர். கடலோடிகள் எம்மொழியினராயினும், காற்றையும் மீனையும் போற்றிப் பெயரிடும் வழக்கம் அவர்க்குப் பொதுவாகும் போலும்.

காற்றினால் ஓடும் கலத்திற்கு மின்சாரம் எதற்கு என்று வினவுதல் இயல்பே. பாயை விரிப்பதற்கும் சுக்கானைத் திருப்புவதற்கும் மின்சாரம் வேண்டுவதில்லை என்பது உண்மை. ஆயினும் இரவில் செல்லும் கலம் தன் இடப்புறத்திற் சிவப்பு விளக்கும் வலப்புறத்திற் பச்சை விளக்கும் ஏற்றியிருத்தல் வேண்டும். நங்கூரமிட்டு நிற்கும்பொழுது எத்திசையினின்றும் காணுமாறு வெள்ளை விளக்கு எரிதல் வேண்டும். இன்றேல், இருளில் வரும் பெருங்கப்பல் அதனைக் காணாமலே மோதி நொறுக்கிவிடும். கரையிலுள்ளாரோடு பேச வானொலிக் கருவி வேண்டும். கலத்தினுட் கசியும் நீரை இறைக்கும் பொறி வேண்டும். துறைமுக வாயிலிற் காற்று ஓய்ந்து, நீரோட்டம் கலத்தைப் பாறையை நோக்கி இழுக்குமாயின், அந்நொடியே எஞ்சினை இயக்குதல் வேண்டும். அதனை இயக்குவதற்கும் மின்சாரமே வேண்டும். இவை அனைத்திற்கும் வேண்டிய ஆற்றலைத் தன்னுள் வைத்துக் காத்திருப்பது சேமக்கலம். இதனை மக்கள் பாட்டரி என வழங்குவர்.

சுஹைலியிலும் சேமக்கலங்கள் இருந்தன. அவற்றை மின்னேற்றுதற்குச் சிறு எஞ்சின் ஒன்றும் இருந்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கு அவற்றால் விளைந்த தொல்லை சிறிதன்று. ஒருமுறை அவர் சேமக்கலத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபொழுது கலம் திடீரெனச் சாய்ந்தது. உள்ளிருந்த கந்தக அமிலம் தெறித்து அவர் கண்ணில் விழுந்தது. மருத்துவர் இல்லாத நடுக்கடலில், கண்ணைக் கழுவி மருந்துத் துளி இட்டுக்கொள்வதைத் தவிர வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை. பயணத்தைக் கைவிட்டுத் தென்னாப்பிரிக்காவின் கரையை நாடலாமா என்றுகூட அவர் எண்ணினார். பின்னர் கண் தேறிற்று, பயணமும் தொடர்ந்தது.

மற்றொருமுறை மின்னேற்றும் எஞ்சினின் மாக்னெட்டோ பழுதுற்றது. தீப்பொறியை உண்டாக்கும் உறுப்பு அது. அதனைச் செப்பஞ்செய்து பூட்டும்பொழுது, அதன் முனைகளுக்கிடையே ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் பன்னிரண்டு முதல் பதினைந்து கூறு அளவான இடைவெளி இருத்தல் வேண்டும். அத்துணை நுண்ணிய அளவைக் காட்டும் அளவுகோல் கலத்தில் இல்லை. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தாம் நாட்குறிப்பு எழுதிவந்த ஏட்டை எடுத்தார். ஓர் அங்குலக் கனத்தில் எத்தனை தாள் அடங்கும் என எண்ணினார். இருநூறு தாள் அடங்கின. ஆகவே ஒரு தாளின் கனம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து கூறு. மூன்று தாள்களைச் சேர்த்து இடைவெளியில் வைத்து அளந்தார், அளவு சரியாயிற்று. எஞ்சின் மீண்டும் ஓடிற்று! கணக்குப் பாடம் எப்பொழுது எவர்க்குப் பயன்படும் என்று முன்கூட்டிச் சொல்லல் இயலாது.

இத்துணைத் திறம் இருந்தும், வானொலிக் கருவி கெட்ட பின் அதனை அவர் உயிர்ப்பிக்க இயலவில்லை. 1968 நவம்பரில் நியூசிலாந்துக் கரையோரம் அவரைக் கண்டவர் உண்டு. அதன்பின் ஏறத்தாழ நான்கரை மாதம் அவரைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. மூழ்கினாரோ, உயிரோடு உள்ளாரோ என்று உற்றார் அறியார். 1969 ஏப்ரல் 6 ஆம் நாள், அட்லாண்டிக் பெருங்கடலில் எதிர்ப்பட்ட எண்ணெய்க் கப்பல் ஒன்றிற்கு அவர் விளக்கொளியாற் குறிகாட்டித் தம்மை அறிவித்தார். அப்பொழுதுதான் உலகம் அவர் உயிரோடிருத்தலை அறிந்தது. அம்மாதம் 22 ஆம் நாள், 312 நாட் பயணத்திற்குப் பின், அவர் ஃபால்மத்தை வந்தடைந்தார். அப்பந்தயத்திற் புறப்பட்டோர் ஒன்பதின்மர். முடித்தவர் அவர் ஒருவரே.

சேமக்கலம் ஏன் இத்துணைத் தொல்லை தருகின்றது? அதன் உள்ளமைப்பை அறிந்தால் விளங்கும். பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளாண்டே என்பார் 1859 ஆம் ஆண்டிற் காரீயச் சேமக்கலத்தை உருவாக்கினார். அதில் இருவகைத் தகடுகள் உள்ளன. ஒன்று காரீயம், மற்றொன்று காரீய ஆக்சைடு. இரண்டும் நீர்த்த கந்தக அமிலத்தில் தோய்ந்திருக்கும். சேமக்கலத்தினின்றும் மின்சாரத்தை எடுக்க எடுக்க, அமிலத்திலுள்ள கந்தகக் கூறு இருவகைத் தகடுகளிலும் படிந்து காரீய சல்பேட்டாகும். அமிலமும் வலி குன்றி நீரின் தன்மையை நெருங்கும். மின்னேற்றும்பொழுது இம்மாற்றம் எதிர்முகமாய் நிகழும்; படிந்தது கரைந்து அமிலத்திற் சேரும்.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. புதிதாய்ப் படிந்த சல்பேட்டு மென்மையானது; எளிதிற் கரையும். மின்னேற்றாமற் கிழமைக்கணக்கில் விட்டுவிட்டாலோ, அது பெருமணிகளாய் உறைந்து இறுகிவிடும். அதன்பின் எத்துணை மின்சாரம் செலுத்தினும் முழுதும் கரையாது. இறுகிய அளவுக்குச் சேமக்கலம் தன் கொள்ளளவை இழக்கும். மேலும், ஒன்றும் செய்யாமல் வாளா இருந்தாலும் சேமக்கலம் தன் சேமிப்பை மெல்ல மெல்ல இழந்துகொண்டே இருக்கும். திங்கள்தோறும் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை குறைதல் இயல்பு; வெப்ப மிகுந்த இடத்தில் இக்குறைவு இன்னும் மிகும். ஆதலின் சேமக்கலங்கள் உழைப்பால் தேய்வதினும் பசியாற் கெடுவனவே பல எனலாம்.

எஞ்சினைக் கொண்டு நாள்தோறும் ஒரு மணி நேரம் மின்னேற்றினால் போதாதோ எனின், போதாது. சேமக்கலம் வெறுமையாய் உள்ளபொழுது மிகுந்த மின்னோட்டத்தை விரைந்து ஏற்கும். நூற்றுக்கு எண்பது பங்கு நிறைந்தபின் அதன் வேகம் குன்றிவிடும். எஞ்சியுள்ள இருபது பங்கு நிறைவதற்குப் பல மணி நேரம் ஆகும். அப்பொழுது அது வேண்டுவது சிறு மின்னோட்டமே; ஆனால் நெடுநேரம் வேண்டும். வயிறு நிறையும் தறுவாயிலுள்ள குழந்தைக்குத் தாய் சிறு கவளமாய் ஊட்டுதல் போல ஊட்டல் வேண்டும். இதற்காக ஒரு பெரிய எஞ்சினை நாள் முழுதும் ஓட்டுதல் எண்ணெயை வீணாக்குதலாகும். சுமையின்றி நெடுநேரம் மெல்ல ஓடும் டீசல் எஞ்சினும் கெடும். ஆகவே எஞ்சினை மட்டும் நம்பிய கலங்களிற் சேமக்கலம் என்றும் அரைவயிற்றோடே கிடந்து, இரண்டொரு ஆண்டில் மாண்டுபோதல் வழக்கமாய் இருந்தது.

சிறு கவளம் ஊட்டும் கை பகலவனிடம் இருந்தது. அதனை மனிதர் கண்டுகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. ஒளியினால் மின்சாரம் பிறத்தலை எட்மண்டு பெக்கரல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1839 ஆம் ஆண்டிலேயே கண்டார். ஆனால் பயன் கொள்ளத்தக்க ஒளிமின்கலம் தோன்றியது 1954 ஆம் ஆண்டிலேதான். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாபின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் சிலிக்கன் என்னும் பொருளால் அதனைச் செய்தனர். மணலிற் பெரும்பகுதியாய் அமைந்த பொருள் சிலிக்கன். அம்மூவரின் கலம் தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் நூற்றுக்கு ஆறு பங்கை மின்சாரமாக்கிற்று. இக்காலத்துத் தகடுகள் இருபது பங்குக்கு மேலும் ஆக்குகின்றன.

அன்று அதன் விலை மிகப் பெரிது. ஆதலின் அது முதலிற் சென்ற இடம் விண்வெளி. 1958 மார்ச்சு 17 ஆம் நாள் ஏவப்பெற்ற வான்கார்டு-1 என்னும் செயற்கைக் கோளில் இருவகைக் கருவிகள் இருந்தன. சாதாரண மின்கலத்தால் இயங்கிய வானொலி அவ்வாண்டு சூன் மாதத்திலேயே ஓய்ந்தது. ஒளிமின்கலத்தால் இயங்கியதோ 1964 ஆம் ஆண்டு வரை ஒலித்தது. விண்ணுக்கு அடுத்தபடியாக ஒளிமின்கலத்திற்கு வேலை கொடுத்தது கடலே. 1966 ஆம் ஆண்டில் சப்பானின் நாகசாகி மாவட்டத்திலுள்ள ஒகாமி என்னும் தீவின் கலங்கரை விளக்கத்தில் 225 வாட் ஆற்றலுடைய சூரியத் தகடுகள் பொருத்தப்பெற்றன. 1970 க்குப் பின் எலியட் பெர்மன் என்பார் மலிவான சிலிக்கனைக் கையாண்டு, ஒரு வாட்டிற்கு நூறு டாலராய் இருந்த விலையை இருபது டாலராகக் குறைத்தார். அத்தகடுகளை விரும்பி வாங்கினோருள் முதல்வர், மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு எச்சரிக்கை விளக்கு அமைப்போர். மின்கம்பி எட்டாத இடத்தில், ஆள் இல்லாத இடத்தில், இரவெல்லாம் எரியவேண்டிய விளக்கிற்கு அதனினும் ஏற்றது வேறில்லை. சிறு பாய்மரக் கலத்தின் நிலையும் அதுவே அன்றோ? விலை மேலும் மேலும் இறங்கவே, தகடு பாய்மரக் கலங்களையும் வந்தடைந்தது.

ஓர் ஒளிமின்கலம் தனித்து அரை வோல்ட்டினும் சற்றே மிகுந்த மின்னழுத்தமே தரும். அதனால் 36 கலங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து ஒரு தகடாக்குவர். முழு வெயிலில் அத்தகடு 18 வோல்ட் அளவில் உழைக்கும். கலங்களிலுள்ள சேமக்கலம் பெரும்பாலும் 12 வோல்ட் வகையினது. மேட்டிலிருந்து பள்ளத்திற்கு நீர் பாய்தல் போல, மிகுந்த அழுத்தமுள்ள தகட்டினின்றும் சேமக்கலத்திற்கு மின்னோட்டம் பாயும். இரவிலோ தகடு செயலற்றுக் கிடக்க, சேமக்கலமே மேடாகிவிடும். பகலில் ஏறியது இரவில் தகட்டின் வழியே திரும்பிக் கசியாதிருக்க, டையோடு என்னும் ஒருவழி வாயிலை இடையே வைப்பர்.

ஊட்டுவதற்கும் அளவு உண்டு. சேமக்கலம் நிறைந்தபின்னும் மின்னோட்டம் வலிந்து புகுமாயின், அமிலத்திலுள்ள நீர் ஐட்ரசன், ஆக்சிசன் என்னும் இரு வளிகளாய்ப் பிரிந்து வெளியேறும். நீர் வற்றினால் தகடுகள் வெளிப்பட்டுக் கெடும். ஐட்ரசனோ, ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும் இயல்பினது. காற்றோட்டமில்லாத படகறையில் அது தேங்குதல் பேரிடராகும். இதனைத் தடுக்கும் கட்டுப்பாட்டுக் கருவி தகட்டிற்கும் சேமக்கலத்திற்கும் நடுவே அமையும். சேமக்கலத்தின் அழுத்தம் 14.4 வோல்ட்டை நெருங்கியதும் அது மின்னோட்டத்தைக் குறைக்கும், நிறைந்தபின் 13.5 வோல்ட் அளவில் நிறுத்திக் காக்கும். தகடு மிகச் சிறிதாயின், அதாவது அதன் மின்னோட்டம் சேமக்கலத்தின் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்கினும் குறைவாயின், இக்கருவி இல்லாமலும் நடத்தலாம் என்பது பழைய படகோட்டிகளின் வழக்கு. வெப்ப நாடுகளில் அவ்வழக்கைப் பின்பற்றாமையே நன்று.

இனி, தகட்டை எங்கே வைப்பது? நிலத்தில் வீட்டுக் கூரைமேல் வைப்பவனுக்கு இவ்வினா எளிது. பாய்மரக் கலத்தில் இதுவே தலையாய இடர்ப்பாடு. பாய்மரம் நடுவே நிற்கின்றது. அதனைத் தாங்கும் கம்பிகள் நாற்புறமும் இழுத்துக் கட்டப்பெற்றுள்ளன. பாயின் அடித்தண்டு மேலே நீண்டு கிடக்கின்றது. காலையில் இவற்றின் நிழல் ஒருபுறம், மாலையில் மறுபுறம். கலமோ காற்றுக்கேற்பத் திரும்பிக்கொண்டே இருக்கும். 36 கலங்களும் ஒரே தொடராய்க் கோக்கப்பட்டுள்ளமையால், அவற்றுள் ஒன்றன்மேல் நிழல் படினும் தொடர் முழுவதும் தளரும். வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைமடை வரை நீர் குறைவது போல்வது இது. கையகல நிழல் ஒன்று தகட்டின் விளைவிற் பாதியைக் கொண்டுபோதலும் உண்டு. இதனை ஓரளவு தவிர்க்க, நிழல் பட்ட பகுதியை விலக்கிச் செல்லும் சுற்றுவழிகளைத் தகட்டின் பின்புறத்தில் அமைப்பர். ஆயினும் நிழலில்லாத இடத்தைத் தேடுவதே அறிவுடைமை.

அவ்விடம் கலத்தின் பின்புறமே. பின்தளத்திற்கு மேலே குழாய்களால் வளைவு ஒன்று அமைத்து, அதன்மேல் தகட்டைப் பொருத்துவர். பின்புறக் கைப்பிடிக் கம்பியில் தொங்கவிட்டு, வெயிலை நோக்கிச் சாய்த்துக்கொள்வாரும் உளர். சிலர் படகறைக் கூரைமேல், கால் வைத்து நடக்கத்தக்க மெல்லிய வளையும் தகடுகளை ஒட்டிவிடுவர். அவற்றின் கீழே காற்று புகாமையால் அவை மிகச் சூடேறும்; சூடேறினால் விளைவு குறையும். 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகை வெப்பத்திற்கும் நூற்றுக்கு ஏறத்தாழ அரைப் பங்கு குறையும் என்பர். தகட்டிற்கு வேண்டுவது ஒளியேயன்றி வெப்பமன்று.

கடலின் உப்பு தகட்டின் மேல் வெண்படலமாய்ப் படியும். கடற்பறவைகளின் எச்சமும் அவ்வாறே. கைப்பிடிக் கம்பிகளில் அமர்வதில் அப்பறவைகளுக்குத் தனி விருப்பம். நன்னீரால் துடைத்தல் ஒன்றே மருந்து. உப்பு தகட்டைவிடக் கம்பி இணைப்புகளுக்கே பெரும்பகை. வெறும் செம்புக் கம்பி சில திங்களில் பச்சைபூத்து உதிரும். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியையே கடலோடிகள் கொள்வர். கம்பி மெல்லியதாயின் வழியிலேயே மின்னழுத்தம் வீணாகும். சேமக்கலத்திற்கு அருகில், மிகு மின்னோட்டத்தில் உருகி அறும் பியூஸ் ஒன்றும் இருத்தல் வேண்டும். கம்பியிற் பற்றும் தீயை நடுக்கடலில் அணைக்கத் தீயணைப்பு வண்டி வாராது.

கணக்கொன்றைச் செய்து காண்போம். கோடையில் இங்கிலாந்தின் தென்கரையில் உலாவும் கலம் ஒன்றில், நங்கூர விளக்கு 2 வாட். பத்து மணி நேரம் எரியின் 20 வாட்-மணி. படகறை விளக்குகள் 10 வாட். மூன்று மணி நேரத்திற்கு 30 வாட்-மணி. வானொலி 6 வாட். பத்து மணி நேரத்திற்கு 60. வழிகாட்டும் கருவி 10 வாட். எட்டு மணி நேரத்திற்கு 80. ஆக நாள் ஒன்றுக்கு 190 வாட்-மணி. சூன் மாதத்தில் அங்கு விழும் வெயிலை ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு ஈடாகக் கொள்ளலாம். 100 வாட் தகடு ஒன்று ஏட்டளவில் 500 வாட்-மணி தருதல் வேண்டும். நிழல், சூடு, சாய்வு ஆகியவற்றால் ஐந்தில் இரண்டு பங்கு கழியினும் 300 எஞ்சும். செலவுக்கு மேல் வரவு! முற்காலத்து இழை விளக்கு 10 வாட் உண்டது. அவ்விளக்கே இருந்திருப்பின் நங்கூர வெளிச்சத்திற்கு மட்டும் நாளொன்றுக்கு 100 வாட்-மணி சென்றிருக்கும். தகடு வளர்ந்தது ஒருபாலாக, விளக்கின் பசி குறைந்தமையும் கடலோடிகளைக் காத்தது. குளிர்சாதனப் பெட்டி வைத்துக்கொள்வோர்க்கு இக்கணக்குப் பொருந்தாது. அவர்கள் தகடுகளை மூன்றோ நான்கோ ஆக்குதல் வேண்டும், அல்லது குளிர்ந்த பானத்தை மறத்தல் வேண்டும்.

ஓடும் கலத்தைவிட நிற்கும் கலத்தின் நிலையே இரங்கத்தக்கது. இலையுதிர் காலம் கழிந்ததும் அந்நாட்டினர் பலர் தம் கலங்களை ஆற்றுமுகத்தில் மிதவையிற் கட்டிவிட்டு வீடு திரும்புவர். மழைநீர் தளத்தின் இடுக்கு வழியாக இறங்கும். சுழலியின் தண்டு வெளிச்செல்லும் துளையினின்றும் துளித்துளியாய்க் கடல்நீர் கசியும். இந்நீர் கலத்தின் அடிப்பள்ளத்தில் தேங்கும். அங்கே ஒரு மிதப்பு உண்டு. நீர் உயர்ந்து அது மேலெழுந்ததும் இறைக்கும் பொறி தானே இயங்கி நீரை வெளியேற்றும். எவரும் அருகில் இலர். சேமக்கலம் ஒன்றே காவல். அது பொறியை இயக்கி இயக்கி வலி குன்றுகின்றது. குளிர்கால இரவொன்றில் மிதப்பு மேலெழுகின்றது, பொறி இயங்கவில்லை. நீர் ஏறுகின்றது. உடையவர் வந்து காணும்பொழுது பாய்மரத்தின் உச்சி மட்டும் நீர்க்கு மேல் தோன்றும். புயலில் அமிழாத கலம் கட்டிய இடத்திலேயே அமிழ்ந்த கதை துறைமுகந்தோறும் உண்டு.

இக்கலத்திற்கு 10 வாட் தகடு ஒன்று இருந்திருப்பின்? அது ஒரு பள்ளிச் சிறுவனின் பலகையளவே ஆனது. முழு வெயிலில் அது தருவது அரை ஆம்பியருக்குச் சிறிது மேல். திசம்பர் மாதத்தில் அங்குப் பகல் எட்டு மணி நேரமே. வானமும் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். ஒரு நாள் முழுதும் விழும் ஒளி, முக்கால் மணி நேர முழு வெயிலுக்கும் ஈடாகாது. ஆகவே நாளொன்றுக்கு ஆம்பியர்-மணியில் மூன்றில் ஒரு பங்கே கிட்டும். சிறிதுதான். ஆயினும் திங்கள் ஒன்றுக்கு அது பத்து ஆம்பியர்-மணி ஆகின்றது. 100 ஆம்பியர்-மணி கொள்ளும் சேமக்கலம் ஒரு திங்களில் தானே இழப்பது ஐந்துக்கு மேற்படாது. கட்டுப்பாட்டுக் கருவி உண்பது போகச் சிறிது மிஞ்சும். மழைநீரை நாள்தோறும் சில நொடி இறைப்பதற்கு அது போதும். நீர் பெருகிக் கசியும் ஓட்டைக் கலத்தை 10 வாட் தகடு காவாது; அதற்குத் தச்சனே வேண்டும். செவ்வையான கலத்தை அது குளிர்காலம் முழுதும் காக்கும். இளவேனிலில் உடையவர் வந்து விசையைத் திருப்பியதும் எஞ்சின் உறுமும். சல்பேட்டு இறுகாத சேமக்கலம் மேலும் பல ஆண்டு உழைக்கும்.

இப்பொழுது இலித்தியம் கொண்ட புதுவகைச் சேமக்கலங்களும் வந்துள்ளன. அவை எடை குறைந்தவை, அரைவயிற்றோடிருப்பினும் கெடாதவை, விலையில் மட்டும் மிகுந்தவை. காரீயச் சேமக்கலம் இன்னும் கடலை விட்டு நீங்கவில்லை.

சுஹைலி புறப்பட்டு ஐம்பது ஆண்டு நிறைந்த 2018 ஆம் ஆண்டில், அப்பந்தயத்தை நினைவுகூர்ந்து மீண்டும் ஒரு பந்தயம் நடந்தது. பழைய முறையிலேயே செல்லுதல் வேண்டும். செயற்கைக்கோள் கொண்டு வழி காணுதல் கூடாது என்பது விதி. ஆயினும் அக்கலங்களுட் பலவற்றின் பின்புறத்தில் சூரியத் தகடுகள் தோன்றின. நம் நாட்டுக் கடற்படை வீரர் அபிலாஷ் டோமி அதிற் கலந்துகொண்டார். 2013 ஆம் ஆண்டிலேயே எங்கும் தங்காமல் தனித்து உலகைச் சுற்றி முடித்த முதல் இந்தியர் அவர். அவர் கலமாகிய துரியா, சுஹைலியின் வடிவிலேயே கோவாவிற் கட்டப்பெற்றது.

அவ்வாண்டு செப்டம்பர் 21 ஆம் நாள், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரினின்றும் ஏறத்தாழ 1,900 கடல் மைல் தொலைவில், கடும்புயல் துரியாவைப் புரட்டிற்று. பாய்மரம் முறிந்தது. டோமியின் முதுகெலும்பு அடிபட்டது; எழுந்து நிற்க இயலவில்லை. படுத்த படுக்கையாய்க் கிடந்தவர் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது, செயற்கைக்கோள் வழியே சில சொற்களை அனுப்பும் சிறு கருவி ஒன்றே. அதுவும் சேமக்கலத்தால் உயிர்வாழ்வது. கலம் உருண்டது, பாய்மரம் முறிந்தது, முதுகில் கடுங்காயம், எழ இயலவில்லை என்னும் செய்தி கரையை எட்டிற்று. 1968 இல் சுஹைலியின் வானொலி ஊமையானபொழுது நான்கரை மாதம் உலகம் காத்திருந்தது. இம்முறை மூன்றாம் நாளே, செப்டம்பர் 24 இல், ஒசிரிஸ் என்னும் பிரெஞ்சுக் கப்பல் அவ்விடத்தை அடைந்து, அவரைத் தூக்குப் படுக்கையில் ஏற்றி, ஆம்ஸ்டர்டாம் தீவிலுள்ள மருத்துவரிடம் கொண்டுசேர்த்தது.